பி-யில்தான் போட்டேன்

எங்கள் தெருவில் இருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மெக்கானிக்குக் கடந்த இருபது வருடங்களாகச் 'சந்தேகம்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். மின்சார பில்லில் பார்த்த ஞாபகம். ஆனால் "சந்தேகம் இருக்காரா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் "இருக்கார்" என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே பழகிவிட்டது. நான் கார் சீட்டுக்கு உறை தைப்பவன். அவருடைய ஒர்க்ஷாப்புக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. நடுவில் இருப்பது வெறும் தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்காது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவருடைய மச்சான்.

சந்தேகம் ஒரு காலத்தில் சந்தேகமே படாத மனிதர். பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில் தலைமை மெக்கானிக்காக இருந்தார். காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கையைத் துடைத்தபடி, "கியர்பாக்ஸ் முடிஞ்சுது" என்பார். கேட்டவர்களும் இழவு வீட்டில் நிற்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருமுறை அப்படி அவர் முடித்துவைத்த கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, முந்நூறு சாமான்களை மேஜைமேல் பரப்பி இரண்டு நாள் பார்த்தார். எல்லாமே அமோகமாக இருந்தன. பழுது வெளியே இருந்தது, சரியாகச் செருகாத ஒரு வயர் முனையில். அதைச் செருகப் பத்து விநாடி போதும். முந்நூறு சாமான்களைத் திரும்ப உள்ளே வைக்க ஐந்து நாள் ஆயிற்று.

அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் "பார்க்கணும்" என்பதுதான் அவர் பதில். முதலாளி மூன்று மாதம் பொறுத்தார். பிறகு, "கஸ்டமர்கிட்ட தெரியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு எதுக்குய்யா ஆளு? அதை நானே சொல்லிக்குவேனே" என்று கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் மனைவியின் அண்ணனோடு சேர்ந்து எங்கள் சரிவுத் தெருவில் சொந்தமாகக் கடை போட்டார்.

அந்த மச்சானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பக்க மேஜையில் உட்கார்ந்து கஸ்டமரை வரவேற்பது அவர் வேலை. வந்தவர் "வண்டி..." என்று வாயெடுக்கும்போதே பழுது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணை லேசாக மூடி, "கன்ஃபார்ம்" என்பார். ஒரே காருக்குக் காலையில் ஒரு கன்ஃபார்மும் மாலையில் வேறொரு கன்ஃபார்மும் கொடுத்ததுண்டு. இரண்டையும் ஒரே முகத்தோடு கொடுக்க எல்லோராலும் முடியாது.

இப்படி ஒருவர் எல்லாம் தெரிந்தும், இன்னொருவர் எதுவும் தெரியாமலும் கடை நடத்திக்கொண்டிருந்தபோதுதான் பல் டாக்டரின் கார் வந்தது. இழுத்துவரும் வண்டியின் முதுகில் ஏறி வந்தது. பின்பக்க விளக்கு ஒன்று உடைந்து, பம்பர் ஒருபக்கம் கோணிக்கொண்டு நின்றது. கூடவே வாடகைக் காரில் டாக்டரம்மாவும் அவர் கணவரும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடது முழங்காலில் அறுவை செய்துகொண்டதால் கிளட்ச் மிதிக்க முடியாமல், பதினெட்டு வருடப் பழைய இந்த ஆட்டோமேட்டிக் காரை விடாமல் வைத்திருந்தார். கணவர் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். அதை அவரே முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"நிறுத்தின கார் தானா உருண்டு போயிடுச்சாம்," என்றார் பேராசிரியர், அந்த 'சாம்'-ஐ நன்றாக அழுத்தி. "நாலு மாசத்துல இது மூணாவது தடவை. முதல்ல குப்பைத் தொட்டி. அப்புறம் எதிர்க்கடைப் பலகை. நேத்து கிளினிக் சுவர்."

"கியர்பாக்ஸ் போச்சு. கன்ஃபார்ம்," என்றார் மச்சான், எழுந்திருக்காமலே.

"கியர்பாக்ஸ் எங்கேயும் போகலைங்க. இவங்களுக்கு ஞாபகம்தான் போயிட்டு இருக்கு." பேராசிரியர் மேஜையிலிருந்த பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தார். "இது ஒரு பல் சக்கரம். லிவரைப் பி-யில, அதாவது பார்க்கிங்குல, போட்டா உள்ள ஒரு இரும்புக் கொக்கி வந்து ரெண்டு பல்லுக்கு நடுவுல விழுந்துடும். விழுந்தா சக்கரம் சுத்தாது. சுத்தாத சக்கரம் உருளாது. உருண்டிருக்குன்னா என்ன அர்த்தம்? பி-யில போடலைன்னு அர்த்தம். சிம்பிள்."

படம் நன்றாகத்தான் இருந்தது. மனைவியைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன்னால் அதைக் காருக்குள் இருக்கும் கொக்கியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் நேரில் பார்ப்பதெல்லாம் மெக்கானிக் வேலை, அவர் பேராசிரியர்.

டாக்டரம்மா கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நானும் எதையோ கேட்கப் போனவன்போல உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்ன எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. 'காலை 9.10. பி-யில் போட்டேன். கண்ணால் பார்த்தேன். சாவி எடுத்தேன்.' 'மாலை 6.40. பி. இரண்டு தடவை பார்த்தேன்.' நேற்றைய பக்கத்தில் 'பி-யில்தான் போட்டேன்' என்று மூன்று தடவை எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

"ரெண்டாவது தடவை நடந்ததுக்கு அப்புறம் எழுத ஆரம்பிச்சேன்," என்றார். "எனக்கே என்மேல பயம் வந்துடுச்சு. தினமும் அடுத்தவங்க வாயில ஊசி போடுற கை. ஞாபகம் தப்புதுன்னா நான் தொழில் செய்யக் கூடாதே. நரம்பு டாக்டர்கிட்ட போய்த் தலைக்கு ஸ்கேன் எடுத்தேன். ஒண்ணும் இல்லைன்னாங்க."

"ஸ்கேன்ல எல்லாமே தெரிஞ்சுடாது," என்றார் பேராசிரியர்.

நேரில் பார்ப்பதன்மேல் அவருக்கு எவ்வளவு மரியாதை என்பது அப்போது இன்னும் தெளிவாயிற்று.

சந்தேகம் அதுவரை கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரம்மாவிடம், "வண்டியில வேற ஏதாவது தொல்லை உண்டாம்மா?" என்று கேட்டார்.

"சில நேரம் ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பினா ஒரு சத்தமும் வராது. லிவரைப் பிடிச்சு லேசா ஆட்டிட்டுத் திருப்பினா உடனே ஆகிடும். அதுக்கு ரெண்டு தடவை பேட்டரி மாத்தினாங்க. ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாத்தினாங்க. அப்பவும் ஆட்டினாத்தான் ஆகுது."

"அது வேற பிரச்சனை. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது," என்றார் பேராசிரியர்.

"வேற பிரச்சனை. கன்ஃபார்ம்," என்றார் மச்சான். அன்று காலையில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அது.

சந்தேகத்தின் கை துணியில் அப்படியே நின்றது. "எப்பத்துல இருந்தும்மா?"

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். அதில் இல்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னார். ஸ்டார்ட் ஆகாமல் படுத்த ஆரம்பித்து நாலரை மாதம். முதல் தடவை உருண்டு நாலு மாதம்.

"அம்மா பி-யிலதான் போட்டிருக்காங்க," என்றார் சந்தேகம். "நான் நம்புறேன்."

நான் பக்கத்துக் கடைக்காரன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடத்தில் அந்த மனிதர் எதையும் நம்புவதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கொடுக்கிற டீயில் சர்க்கரை போட்டிருக்கிறேன் என்றாலே ஒருமுறை கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

அன்று சாயங்காலம் இதைச் சந்தேகம் தன் வீட்டில் சொல்லியிருக்கிறார். என்ன நடந்தது என்று மறுநாள் அவரே என்னிடம் ஒப்பித்தார். சொல்லி ஆறுதல் தேட அவருக்கு வேறு ஆள் இல்லை. அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாராம். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா சொன்னதை நம்பிட்டீங்களா?" என்று கேட்டாராம்.

"நம்பினேன்."

"ஒரே தடவை சொன்னதுக்கு?"

"ஆமா."

"கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. கேஸை அணைச்சுட்டேன்னு நான் தினமும்தான் சொல்றேன். ஒருநாளாவது போய்த் திருகிப் பார்க்காம படுத்திருக்கீங்களா?"

"அது சரிபார்க்கிறது. நம்பாம இல்லை," என்று இவர் இழுத்திருக்கிறார்.

"அப்போ நானும் ஒரு நோட்டுப் போட்டுடறேன்," என்று சொல்லிவிட்டு, மடித்த துணிகளில் இவருடையதை மட்டும் தனியாக எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். "இதுல நான் என்ன தப்பா சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார். நான் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாகிவிட்டேன்.

மறுநாள் காலை பரிசோதனை நடந்தது. எங்கள் தெரு நல்ல சரிவு. சந்தேகம் காரைக் கடைக்கு எதிரே நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு ஒரு முழம் பின்னால் கனமான ரப்பர்க் கட்டைகளை வைத்தார். கீழ்ப்பக்கம் யாரும் வராதபடி டயர்களை அடுக்கி வழியை மறித்தார். பிறகு டாக்டரம்மாவை உட்காரவைத்து, "தினமும் எப்படி நிறுத்துவீங்களோ அப்படியே நிறுத்துங்க. ஹேண்ட்பிரேக் மட்டும் போட வேண்டாம்," என்றார்.

அந்த அம்மா நிறுத்தினார். கார் அசையவில்லை. மறுபடி எடுத்து மறுபடி நிறுத்தினார். அசையவில்லை. பத்து தடவை நிறுத்தினார். பாறைபோல நின்றது. இவ்வளவு ஒழுக்கமான காரை நான் பார்த்ததே இல்லை.

பேராசிரியர் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தார். பத்தாவது விரலையும் மடக்கியபோது இரண்டு கையும் மூடியிருந்தது. "போடும்போது நிக்குது. போடாதப்போ போகுது. இதைத்தான் நான் நாலு மாசமா சொல்றேன்."

டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நோட்டில் எழுதிய எழுத்தையே இனி நம்பலாமா என்று யோசித்திருப்பார்.

சந்தேகத்துக்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. சந்தேகப்பட இன்னொரு இடம் கிடைத்த தெம்பு முகத்தில் தெரிந்தது. "வீட்டுல இருந்து கிளினிக் எவ்வளவு தூரம்மா?"

"முக்கால் மணி நேரம்."

"இப்போ வண்டி பச்சைத் தண்ணி மாதிரி குளிர்ந்து கிடக்கு. நல்லா ஒரு முக்கால் மணி நேரம் ஓட்டிட்டு வாங்க. சூட்டோட பார்க்கணும்."

போகும்போது டாக்டரம்மா ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பேராசிரியர் ஓட்டிக்கொண்டு வந்தார். எப்படி நிறுத்த வேண்டும் என்று செய்தே காட்டிவிடலாம் என்று வழியில் இடம் மாறிக்கொண்டாராம். கட்டைகளுக்கு முன்னால் அளவாக நிறுத்தினார். லிவரைத் தள்ளினார். மேலே இருந்த சின்ன விளக்கில் பி எழுத்து எரிவதை விரலால் சுட்டி எல்லோருக்கும் காட்டினார். சாவியை எடுத்தார். இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு, காருக்கு முதுகைக் காட்டி நின்று, வகுப்பை ஆரம்பித்தார்.

"கவனிச்சீங்களா? அவசரமே படலை. லிவர் முழுசாப் போச்சு. கொக்கி விழுந்தாச்சு. இனிமே பூகம்பமே வந்தாலும்..."

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் 'டக், டக், டக்' என்று, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதுபோல. கார் மெதுவாக, யாருக்கும் தொந்தரவு தராமல், ஒரு முழம் பின்னால் போய்க் கட்டையில் முட்டி நின்றது.

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. மெல்லத் திரும்பிக் காரைப் பார்த்தார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு, "இந்த ரோடு கொஞ்சம் சரிவு அதிகம்," என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நடைபாதை ஓரத்தில் இருந்த என்னுடைய ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"யாரும் லிவரைத் தொடாதீங்க," என்றார் சந்தேகம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, பானெட்டைத் திறந்தார். காற்று வடிகட்டும் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்ததும் அடியில் கியர்பாக்ஸின் பக்கவாட்டு தெரிந்தது. அதில் ஒரு சின்ன இரும்புக் கை. நாம் உள்ளே உட்கார்ந்து லிவரைத் தள்ளினால், ஒரு கேபிள் வழியாக இந்தக் கைதான் நகரும். சந்தேகம் அதை ஒற்றை விரலால் தொட்டுத் தள்ளினார். அது நகக்கண் அளவு நகர்ந்தது. உள்ளே எதுவோ 'க்ளக்' என்று உட்கார்ந்தது.

"இப்பதான் நிஜமான பி-க்கு வந்திருக்கு," என்றார்.

கேபிள் அந்தக் கையோடு சேரும் இடத்தின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். டார்ச்சைச் சாய்த்து அடித்தும் தெரியவில்லை. தலையை உள்ளே நுழைக்க இடமில்லை. அப்போது டாக்டரம்மா எழுந்து வந்து, கைப்பையைத் திறந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற நீளக் காம்புக் கண்ணாடியை எடுத்தார். "கொஞ்சம் நகருங்க. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாடி பார்க்கிற மாதிரிதானே?" என்று சொல்லி உள்ளே விட்டுத் திருப்பினார். சந்தேகம் டார்ச்சைப் பிடித்தார். இரண்டு தலைகளும் எஞ்சினுக்குமேல் குனிந்திருந்தன.

கேபிள் முனையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருந்திருக்க வேண்டும். புஷ் என்பார்கள், சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். பதினெட்டு வருடச் சூட்டில் அது பொடிப்பொடியாக உதிர்ந்து, கால்வாசிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி குளிர்ந்திருக்கும்போது அந்தக் கால்வாசி இறுகிப் பிடித்துக்கொள்ளும். சூடானால் இளகிவிடும். கேபிள் முனை தொளதொளவென்று ஆடும். உள்ளே லிவர் பி-க்கு வந்து, விளக்கும் பி என்று எரியும். இந்தக் கை மட்டும் நகக்கண் அளவு குறைவாக வந்து நின்றுவிடும். கொக்கி பற்களுக்கு நடுவே விழாமல், பல்லின் நுனியிலேயே தொற்றிக்கொண்டு நிற்கும்.

"கடி சரியா உட்காரலை," என்றார் டாக்டரம்மா.

"அதேதான்மா. இந்தக் கையிலதான் ஒரு சுவிட்சும் இருக்கு. கை முழுசா பி-க்கு வரலைன்னா அது எஞ்சினை ஸ்டார்ட் ஆக விடாது. நீங்க லிவரை ஆட்டினதும் கை சரியா வந்துடும், ஸ்டார்ட் ஆகிடும். நான் பி-யில இல்லைன்னு வண்டியே நாலரை மாசமா சொல்லிட்டு இருந்திருக்கு. நாமதான் அதுக்கு பேட்டரி மாத்திட்டோம்."

"கேபிள் புஷ். நான் நேத்தே நினைச்சேன். கன்ஃபார்ம்," என்றார் மச்சான், கடை வாசலில் இருந்து.

புஷ் மாற்றுவது அரைமணி நேர வேலை. சந்தேகம் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். இத்தனை நாள் 'டக் டக்' என்று தட்டியதில் கொக்கியின் முனை தேய்ந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்து, அடியில் இருக்கும் காந்தத்தில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தார். தினமும் சூடேற ஓட்டிவந்து சரிவில் நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை முதலில் போட்டு, பிறகு லிவரைத் தள்ளினால் காரின் பாரம் முழுவதும் அந்தச் சின்னக் கொக்கியின்மேல் ஏறாது என்று டாக்டரம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

காரை எடுத்துப்போக இருவரும் வந்தார்கள். பேராசிரியர் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார். டாக்டரம்மா சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"யார் யார்கிட்ட எனக்கு ஞாபகம் தப்பிப் போச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். குரல் உயரவே இல்லை.

"யார்கிட்டயும் பெருசா..."

"உங்க தங்கச்சிகிட்ட. நம்ம பையன்கிட்ட. உங்க துறைத் தலைவர்கிட்ட. மாடி வீட்டுக்காரங்ககிட்ட. என் கிளினிக் நர்ஸ்கிட்ட. இது எனக்குத் தெரிஞ்சது."

பேராசிரியர் சுற்றும் முற்றும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையில் மூழ்கியிருந்தோம். அதாவது, யாருடைய கையும் அசையவில்லை.

"இப்போ போன் பண்ணிச் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கா."

அவர் போனை எடுத்தார். "ஹலோ, தங்கச்சி. ஒண்ணுமில்லை, நம்ம கார்ல ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம்..."

டாக்டரம்மா கையை நீட்டிப் போனின் வாயைப் பொத்தினார். "அப்படி இல்லை. நான் சொன்னது தப்புன்னு ஆரம்பிங்க."

பானெட்டுக்கு அடியில் உதிர்ந்துபோயிருந்த அந்த வளையத்தை எடுப்பதைவிட இது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மனிதர் செய்தார். முதல் போனில் ஒரே வாக்கியத்தை மூன்று முறை ஆரம்பித்தார். மூன்றாவதில் கொஞ்சம் சரளம் வந்தது. நர்ஸிடம் பேசும்போது மனைவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்கம்மா. நான்தான் கேட்கலை," என்றார். டாக்டரம்மா அதற்குப் பிறகுதான் காரின் மறுபக்கக் கதவை அவருக்குத் திறந்துவிட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். மச்சான் விடவில்லை. அடுத்த வாரமே வாசலில் பலகை ஏறியது. 'தானாக உருளும் கார்களுக்குச் சிறப்பு நிபுணர்.' ஊரில் எங்கெங்கோ உருண்ட கார்களெல்லாம் எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தன. இதுவரை பதினொன்று வந்திருக்கின்றன. வந்த ஒவ்வொருவரும் பி-யில்தான் போட்டேன் என்று அடித்துச் சொன்னார்கள். சந்தேகம் ஒவ்வொருவரையும் மரியாதையாக நம்பினார். காரைச் சூடேற்றினார், குளிரவைத்தார், அடியில் படுத்தார், மேலே குனிந்தார். இரண்டு கார்களில் நிஜமாகவே கேபிள் தளர்ந்திருந்தது. மற்ற ஒன்பது பேரும் பி-யில் போடவே இல்லை.

அந்த ஒன்பது பேரிடமும் அதை எப்படிச் சொல்வது என்று அவர் இன்னும் தவித்துக்கொண்டிருக்கிறார். நேற்று ஒருவர் வந்திருந்தார். இரண்டு நாள் பரிசோதித்துவிட்டு, "வண்டியில ஒண்ணும் தெரியலை சார், ஒருவேளை நீங்க..." என்று இவர் மென்று விழுங்கினார்.

"நல்லா பார்த்தீங்களா?" என்று கேட்டார் வந்தவர். "எனக்கு என்னவோ சந்தேகமா இருக்கு."

சந்தேகம் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் போனார்.